இங்கே யாரும் தூங்கவில்லை

சுவரில் டிவி ஏறிய அன்று என் பால்வாடி சென்டரில் இருந்த இருபத்து மூன்று பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. பொய் சொல்லவில்லை. மாட்ட வந்த இரண்டு பேரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், சூப்பர்வைசர் ரம்யா மேடம் ரிமோட்டை என் கையில் வைத்துக் கையெழுத்து வாங்கினார், நான் அவர் சொன்ன பொத்தானை அமுக்கினேன், திரையில் ஒரு குட்டி யானை நடந்து வந்தது. அவ்வளவுதான். அதுவரைக்கும் ஒருத்தன் சட்டையை ஒருத்தன் இழுத்துக்கொண்டு, டம்ளர் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மூக்கு ஒழுக என் முந்தானையில் தொங்கிக்கொண்டு இருந்த கூட்டம் கப்சிப். உள்ளே சாதம் கிளறிக்கொண்டிருந்த என் உதவியாளர் மணியம்மா கரண்டியோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா டீச்சரம்மா, சத்தத்தையே காணோம்? எல்லாத்தையும் ஊட்டுக்கு அனுப்சிட்டீங்களா?"

ரம்யா மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா டீச்சர், எவ்ளோ கவனம்! சத்தமே இல்ல!" என்று போட்டோ எடுத்து குரூப்பில் போட்டார். நானும் போட்டோவுக்குப் பல்லைக் காட்டினேன். ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. என் பிள்ளைகள் அப்படிப்பட்டவை இல்லை. நான் கதை சொன்னால் பாதியில் எழுந்து குறுக்கே பேசும். சிங்கம் என்று நான் வாயெடுத்தால் ஒன்று உறுமும், ஒன்று அழும், ஒன்று "எங்க ஊட்டாண்ட கூட ஒரு சிங்கம் கீது டீச்சர்" என்று கூசாமல் புளுகும். அதே பிள்ளைகள் இப்போது கண்ணை மட்டும் விரித்து, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. யானை விழுந்தபோது ஒன்றுகூட சிரிக்கவில்லை. விழுந்தது வேடிக்கையாகத்தான் இருந்தது, எனக்கே சிரிப்பு வந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் செண்பகம். பத்தாவது பாஸ். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளுக்கு நடுவில் இருபத்தாறு வருஷமாகப் பால்வாடி டீச்சர். டிவி வருவதற்கு ஒரு மாதம் முன்னால் எங்களை எல்லாம் திருவள்ளூருக்குப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் ரயில் பிடித்து, பேசின் பிரிட்ஜில் மாறி, செவ்வாப்பேட்டை தாண்டும்போதே கால் வீங்கிவிடும். மூன்றாம் நாள் ஒரு சோதனை வைத்தார்கள். நான் பென் டிரைவைத் தலைகீழாகச் செருகினேன். ரிமோட்டை டிவி பக்கம் காட்டாமல் ஏசி பக்கம் காட்டி அமுக்கினேன். பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது, அது பாவம் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் தாளில் எழுதியது. டிஜிட்டல் தயார்நிலை என்று தலைப்பு. தயார், ஓரளவு தயார், தயார் இல்லை என்று மூன்று கட்டம். எனக்கு மூன்றாவது கட்டத்தில் டிக்.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! யார் தயார் இல்லை? வெள்ளம் வந்த வருஷம் முட்டி அளவு தண்ணீரில் சத்துமாவு மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்தவள் நான். இடுப்புவலி எடுத்தவளை ஆட்டோவில் ஏற்றி, போகிற வழியிலேயே பிள்ளையைக் கையில் வாங்கியவள் நான். ஒரு ரிமோட்டு என்னைத் தயார் இல்லை என்று சொல்லுமா? அன்றைக்கே வீட்டுக்கு வந்து எங்கள் டிவியின் பின்னால் ஒரு பென் டிரைவைச் செருகி எடுத்து, செருகி எடுத்துப் பழகினேன். என் வீட்டுக்காரர் சின்னதுரை, "இன்னாமே, டிவிக்கு ஊசி போட்டுக்கினு கீற" என்று கிண்டல் பண்ணினார். பண்ணட்டும். பத்து நாளில் ரிமோட்டைப் பார்க்காமலே எந்தப் பொத்தான் எங்கே என்று என் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிட்டது.

டிவி எங்களுக்கே எழுதிக் கொடுத்தது இல்லை. ஆறு வாரம் பார்ப்பார்களாம். அப்புறம் ஒரு அதிகாரி வந்து உட்கார்ந்து நான் டிவி வைத்துப் பாடம் எடுப்பதைப் பார்ப்பாராம். தயார் என்று அவர் போட்டால் டிவி இங்கேயே இருக்கும். இல்லை என்று போட்டால் கழற்றி ஆர்.கே.பேட்டை பக்கம் வேறு சென்டருக்குக் கொண்டுபோய் மாட்டிவிடுவார்கள், அங்கே கேட்டுக் காத்திருக்கிறார்களாம். டிவி போனால் போகட்டும் என்று என்னால் இருக்க முடியவில்லை. எங்கள் லைனில் இருக்கிறவர்கள் முக்கால்வாசி கம்பெனி ஆட்கள். அவர்கள் அப்பன் தாத்தன் எல்லாம் ஊரார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர்கள் பிள்ளைகளுக்கு ஷூ மாட்டி வேனில் ஏற்றி நர்சரிக்கு அனுப்பத் துடிக்கிறவர்கள். பால்வாடி என்றால் சாப்பாடு போடுகிற இடம் என்று நினைப்பு. டிவி மாட்டிய வாரத்தில் நான்கு பேர் தாங்களாகவே வந்து பிள்ளையைச் சேர்த்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் நான் போய்க் கூப்பிடாமல் ஒருத்தர் வந்து சேர்த்தது அதுதான் முதல் தடவை. அதைக் கழற்றிக்கொண்டு போனால், இந்த டீச்சருக்கு ஒன்றும் தெரியாது, அதனால்தான் தூக்கிட்டாங்க என்று லைன் முழுக்கப் பேச்சாகிவிடும்.

இரண்டாவது வாரம் ஒரு நாள் யானை வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. குட்டி யானை ஒரு பெரிய தர்பூசணியை மேட்டில் உருட்டிக்கொண்டு போகிற கதை. நான் பக்கத்தில் நின்று, "யானை இன்னா உருட்டுது, சொல்லுங்க?" என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெபா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாலு வயசு, சரியான வாயாடி. உதட்டின் மேல் விரலை வைத்து என்னை அதட்டினாள்.

"உஷ்! டீச்சர், பேசாத. அப்பா தூங்குது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அறையில் எந்த அப்பாவும் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு மூன்று பிள்ளைகளும் அவளைப் பார்த்து விரலை உதட்டில் வைத்துக்கொண்டன.

மறுநாள் ஜெபா வரவில்லை. மதியம் சாப்பாடு போட்டுப் பிள்ளைகளைப் படுக்க வைத்ததும், மணியம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. அவள் அம்மா ஏஞ்சல் வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்பதுபோல் சைகை காட்டினாள். உள்ளே தரையில் ஸ்டீபன், ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். இரும்பு உருக்குகிற கம்பெனியில் வேலை, முழங்கையில் தீப்பொறி பட்ட புள்ளிகள். அவன் காலுக்கு அந்தப் பக்கம், சுவரைப் பார்த்தபடி ஜெபா உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் காய்ச்சலுக்குப் பற்று. மடியில் செல்போன். அதில் பொம்மைகள் குதித்துக் குதித்து ஆடிக்கொண்டிருந்தன. சத்தம் இல்லை. ஒரு துளி சத்தம் இல்லை.

"நைட்டு ஷிப்ட்டு டீச்சர்," என்று ஏஞ்சல் காதோடு சொன்னாள். "எட்டு மணிக்கு வந்து படுத்தாரு. இது வாயத் தொறந்தா மூடாது. செல்லக் குடுத்தா கம்முனு உக்காந்துக்கும்."

"சத்தம் வெக்க மாட்டியா?"

"வெச்சா எழுந்துக்குவாரே. தூக்கம் இல்லாம பேஜாராப் பூடும் டீச்சர். ஃபர்னேஸாண்ட நிக்கிற ஆளு."

அவளை என்னவென்று திட்டுவது? தூங்காமல் போய் உருக்குகிற இரும்புக்கு முன்னால் நிற்கிறவனுக்கு ஒரு நொடி கண் அசந்தால் என்ன ஆகும் என்று இந்த லைனில் எல்லோருக்கும் தெரியும். ஜெபாவின் தலையைத் தடவிவிட்டுச் சத்தம் போடாமல் வெளியே வந்தேன். வரும் வழியில் ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். மூடிய கதவு, பாதி மூடிய கதவு, கதவுக்கு வெளியே ஆளின் செருப்பு. இது நைட்டு, இது நைட்டு, இது வாரம் விட்டு வாரம் நைட்டு. என் பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்த வீடுகளில்தான் வளர்கின்றன. திரை வெளிச்சம் வந்தால் வாயை மூட வேண்டும் என்று அவை நடக்கப் பழகும்போதே பழகியிருக்கின்றன. அதைத்தான் நாங்கள் கவனம் என்று போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறோம்.

என் வீடும் அதேதானே! சின்னதுரை ரோலிங் மில்லில் இருபது வருஷம் நைட்டு பார்த்தார். என் மகன் அன்புராஜ் பேச ஆரம்பித்த வயதில் எத்தனை தரம் அவன் வாயைப் பொத்தியிருப்பேன். அப்போது செல் கிடையாது, என் கைதான். இன்றைக்கும் அவன் போனில் பேசினால் இந்தப் பக்கம் எனக்குச் சரியாகக் கேட்காது, "சத்தமா பேசேன்டா" என்று நானே அவனைத் திட்டுகிறேன். சென்டர் வாசலில் வந்து நின்றபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

ஜெபா காய்ச்சல் விட்டு வந்த நாளிலிருந்து பாடத்தை மாற்றினேன். யார் சொல்லியும் இல்லை, எந்தப் பயிற்சியிலும் இல்லை. யானை தர்பூசணியை மேட்டின் உச்சிக்கு உருட்டிக்கொண்டு போனதும், ரிமோட்டில் இரட்டைக் கோடு போட்ட பொத்தானை அமுக்கினேன். யானை ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டது. பிள்ளைகள் டிவி கெட்டுவிட்டது என்று என்னைப் பார்த்தன. "இங்க யாரும் தூங்கல," என்றேன். "இது நம்ம ஊடு. இங்க கத்தலாம். இப்ப யானை இன்னா பண்ணும், சொல்லுங்க." ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மணியம்மா பார்த்தாள், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்து, "அய்யய்யோ, உருண்டுடும் டீச்சரம்மா! எம் மேலயே வந்து வுழப் போவுது!" என்று கூரை அதிரக் கத்தித் தலையைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவு கத்துவாள் என்று எனக்கே தெரியாது. ஒரு பிள்ளை க்ளுக் என்று சிரித்தது. அப்புறம் ஜெபா, வாயைக் கையால் மூடிக்கொண்டே, விரல் இடுக்கு வழியாக, "ஒடைஞ்சிடும்," என்றாள். "கேக்கல," என்றேன். "ஒடைஞ்சிடும்!" என்றாள்.

மூன்று நிமிஷ வீடியோ அன்றைக்கு இருபத்தைந்து நிமிஷம் ஓடியது. ஒரு வாரத்தில் பிள்ளைகள் நிறுத்துவதற்காகவே காத்திருக்க ஆரம்பித்தன. நிறுத்தினால் எல்லோரும் சொல்ல வேண்டும், அறைக்குள் இருக்கிற எல்லோரும். அது அவர்களாகப் போட்ட சட்டம். ஒரிசாவிலிருந்து வந்த லிப்சா தன் பாஷையில் சொல்வாள், கூடவே கையால் காட்டுவாள், மற்ற பிள்ளைகள் அதைத் தமிழில் கத்தும். சரியான பதில் என்று ஒன்றும் இல்லை. பூமிகா மட்டும் எது கேட்டாலும், "எங்க அப்பா கம்பெனில கிரேன் கீது, அத்த எத்துனு வந்தா தூக்கிடலாம்," என்பாள். யானைக்கும் கிரேன்தான், கிணற்றில் விழுந்த பூனைக்கும் கிரேன்தான்.

இப்படி நிறுத்த ஆரம்பித்த நான்காம் நாளே கதவை யாரோ தடதடவென்று தட்டினார்கள். திறந்தால் பாக்கியராஜ், பூமிகாவின் அப்பா. எங்கள் சுவரை ஒட்டின வீடு. லுங்கியோடு, கண் ரத்தச் சிவப்பில் நின்றான். "இன்னா டீச்சர் இது? சந்தை மேரி கத்தல்! மனுசன் தூங்க வாணாமா? பால்வாடின்னா புள்ளைங்கள அடக்கி வெக்கறதில்லையா?" என்று எகிறினான். நானும் விடுகிற ஆள் இல்லை. "தூங்கணும்தான், யாரு இல்லன்னா? மின்ன உள்ள வா. வந்து யார் கத்துறான்னு பாத்துட்டு அப்பால என்னைத் திட்டு," என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டேன். சரியாக அந்த நேரம் பூமிகா எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க, "எங்க அப்பா மேல ஏறி உக்காந்து ஒரு லீவர இப்டி இழுக்கும், யானைய அப்டியே தூக்கும், நீ பயப்படாத!" என்று திரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் வாசலோரமே நின்றுவிட்டான். ஒரு மாதம் முன்னால் பெயர் கேட்டால் சட்டையைக் கடிக்கிற பிள்ளை அது.

"இவ இவ்ளோ பேசுவாளா டீச்சர்?"

"தெனமும் பேசறா. நீ தூங்கற நேரத்துல."

முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான். அப்புறம், "எத்தினி மணிக்கு முடியும் இந்தக் கூத்து?" என்று கேட்டான். பத்துக்குள் முடித்துவிடுகிறேன் என்றேன். மறுநாள் டிவி நேரத்தைக் காலையில் முதல் வேலையாக மாற்றினேன். அவன் லைனில் என்ன பேசினானோ தெரியாது. அதிலிருந்து நைட்டு முடித்து வருகிற ஆட்கள் குளித்து, நாஷ்டா சாப்பிட்டுவிட்டு, எங்கள் கத்தல் ஓயும்வரை வாசலில் உட்கார்ந்திருந்து, பத்து மணிக்கு மேல்தான் படுக்கிறார்கள். இரண்டு மணி நேரத் தூக்கத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். உருக்காலையில் நின்றுவிட்டு வந்தவனுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் என்றால் என்னவென்று சின்னதுரையைக் கேட்டால் சொல்வார். எனக்கு யாரும் சால்வை போர்த்தியதில்லை, இதைவிட எனக்குச் சால்வையும் வேண்டாம்.

ஆறாவது வாரம் அதிகாரி வருகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் ரம்யா மேடம் போன் பண்ணினார். நல்ல பிள்ளைதான், என்மேல் மரியாதையும் உண்டு. ஆனால் குரலில் பயம். "டீச்சர், ஃபார்ம எனக்கு அனுப்பிட்டாங்க. மூணு கேள்விதான் முக்கியம். வீடியோ தடையில்லாம ஓடுச்சா. குழந்தைங்க அமைதியா கவனிச்சாங்களா. குறிச்ச நேரத்துல முடிஞ்சுதா. நீங்க நடுவுல நிறுத்தறது எனக்குத் தெரியும், அது நல்லாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு ஒரு நாள் மட்டும் அப்படியே ஓட விட்டுடுங்க. ஒரு விரலை வாயில வெச்சீங்கன்னா போதும், புள்ளைங்க கேட்டுக்கும். நம்ம பிளாக்ல உங்க சென்டர் ஒண்ணுதான் மிச்சம், ப்ளீஸ் டீச்சர்." சரி மேடம் என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஒரு நாள்தானே, அப்புறம் காலத்துக்கும் டிவி இருக்கும் என்றுதான் கணக்குப் போட்டேன்.

அன்புசெல்வன் என்று ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், வெயிலில் பைக் ஓட்டிக் கறுத்த முகம், கையில் டேப்லெட். எங்களிடம் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தன் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். எல்லா சென்டருக்கும் ஒரே வீடியோ, டீச்சர்கள் முன்னால் பார்த்திருக்கக் கூடாதாம், நாலு நிமிஷம். "இருவது நிமிசம் டைம் டீச்சர். ஆரம்பிங்க," என்று டேப்லெட்டில் கண்ணை வைத்துக்கொண்டார். பென் டிரைவ் ஒரே தடவையில் உள்ளே போனது. என் கட்டைவிரல் தானாகப் போய் வீடியோவை எடுத்தது. வாசல் பக்கம் நின்ற ரம்யா மேடம் எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

மழை பெய்கிறது. ஒரு வாத்துக்குஞ்சு குடை பிடித்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் போகிறது. காற்று அடிக்கிறது, குடை குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகிறது, மரத்துக்கு மேலே, வீட்டுக்கு மேலே. பிள்ளைகள் திரையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தன. எப்போது நிறுத்துவேன் என்று. ஜெபா பொறுக்க முடியாமல், "டீச்சர்..." என்று ஆரம்பித்தாள். நான் ரம்யா மேடத்துக்குக் கொடுத்த வாக்கை நினைத்துக்கொண்டு விரலைத் தூக்கினேன். மோவாய் வரைக்கும் வந்துவிட்டது விரல். ஜெபா அதைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. வாய் மூடியது, தோள் இறங்கியது, கை இரண்டும் தொடைக்கு அடியில் போனது. ஆறு வாரத்துக்கு முன்னால் பார்த்த அதே பிள்ளை. ஒரே நொடி.

அடிப்பாவி செண்பகம், நீயா இதைச் செய்கிறாய் என்று எனக்குள் யாரோ கேட்டார்கள். டிவியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியது. வாத்துக்குஞ்சு அந்தரத்திலிருந்து ஒரு தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் பொத்தென்று இறங்கிய இடத்தில் அமுக்கினேன் இரட்டைக் கோட்டை.

"இங்க யாரும் தூங்கல!" என்றேன். "குஞ்சு எப்டி கீழ எறங்கும்? சொல்லுங்க!"

கூரை பறந்தது. குதிச்சிடும். அம்மாவக் கூப்டும். குதிச்சா கால் ஒடைஞ்சிடும், வாணாம். லிப்சா இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பிடித்து ஏறிக் காட்டினாள், "ஏணியாம் டீச்சர், ஏணியாம்!" என்று ஐந்தாறு பேர் கத்தினார்கள். பூமிகா வழக்கம்போல் கிரேன். ஜெபா எழுந்து நின்று, "கொடைய மறுக்கா விரிச்சா காத்து வந்து மெதுவா எறக்கி வுட்டுடும்," என்றாள். "காத்து நின்னுபூட்டா?" என்று ஒருத்தன் கேட்டான். அவள் இடுப்பில் கை வைத்து யோசித்தாள். வாசலிலிருந்து, "மழையில டேங்க் ரொம்பி வழியுமில்ல, அதுலயே சறுக்கினு வந்துடும்," என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் ரம்யா மேடம். சொன்ன பிறகுதான் தான் யார் என்று ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ரிமோட்டு கோளாறா டீச்சர்?" என்று அன்புசெல்வன் கேட்டார்.

"ரிமோட்டு நல்லாத்தான் சார் கீது. நான்தான் நிறுத்தினேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

இருபது நிமிஷம் முடிந்து டேப்லெட் டிங் என்றபோது குஞ்சு இன்னும் தொட்டி மேலேயே இருந்தது. அவர் கேள்விகளை வாய்விட்டுப் படித்தார். வீடியோ தடையில்லாமல் ஓடியதா. இல்லை. குழந்தைகள் அமைதியாகக் கவனித்தார்களா. பிள்ளைகளை ஒரு தரம் பார்த்தார். இல்லை. குறித்த நேரத்தில் முடிந்ததா. இல்லை. "இதுல ஆமா, இல்ல ரெண்டுதான் டீச்சர் இருக்கு. வேற எழுத எடம் இல்ல," என்றார், கொஞ்சம் சங்கடமாக. எழுதுங்க சார், நடந்ததைத்தானே எழுதுகிறீர்கள் என்றேன். டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். தயார் இல்லை என்று சிவப்பில் வந்திருந்தது. கீழே விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். திருவள்ளூரில் அந்த வார்த்தையைப் பார்த்தபோது அவமானத்தில் காது சுட்டது. இன்றைக்கு முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினேன், புள்ளி வைக்க மறக்கவில்லை. ரம்யா மேடம் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மணியம்மா அடுப்படியிலிருந்து, "இன்னாத்துக்கு சிவப்பு?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

அன்புசெல்வன் டேப்லெட்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். எழுந்தார். பென் டிரைவைக் கேட்கக் கையை நீட்டியவர், நீட்டியபடியே திரையைப் பார்த்தார்.

"கடைசில அது எப்டி டீச்சர் எறங்குது?"

"எனக்கெப்டி சார் தெரியும்? உங்க வீடியோ. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் தலையைச் சொறிந்தார். "பத்தொம்பது சென்டர்ல போட்டாச்சு இத்த. நான் ஒரு தடவகூட பாக்கல. இதையே பாத்துனு இருந்தேன்," என்று பையைத் தட்டிக் காட்டினார்.

"அப்ப உக்காருங்க சார்," என்றாள் மணியம்மா.

அவர் நாற்காலியில் உட்காரப் போனார். ஜெபா விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் பின்னால் இருக்கிறவனுக்கு மறைக்குமாம். அவர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முழங்கால் இரண்டும் மோவாயை இடிக்கிற மாதிரி பாயில் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். நான் ரிமோட்டைத் தூக்கினேன்.

"டீச்சர், போடாத போடாத! சார் இன்னும் சொல்லல!"

இருபத்து ஏழு பிள்ளைகளும் திரையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பின. அவர் ஏதோ முணுமுணுத்தார். "கேக்கல!" என்று கத்தின. வாத்துக்குஞ்சு தொட்டியின் உச்சியில் சாய்ந்த குடையோடு நின்றுகொண்டிருந்தது. அன்புசெல்வன் அதைப் பார்த்தார், வாயைப் பாதி திறந்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.